முடிந்த பிறகாவது சொல்லுங்கள்

கண்காணிப்புச் சட்டங்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்கு ஆதரவாகக் கை தூக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்பதே கூடாது என்கிற கட்சி இல்லை நான். ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறவனின் போனை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். குண்டு வைக்க நாள் பார்க்கிறவனுக்குத் தகவல் கொடுத்துவிட்டு அவனைக் கண்காணிக்க முடியாது என்பதும் தெரியும். உங்கள் சட்டத்தில் நான் கேட்கும் மாற்றம் ஒன்றுதான். கேட்டு முடித்து, விசாரணையும் முடிந்து, இனிமேல் சொன்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆன பிறகு, கேட்கப்பட்டவருக்கு அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

சின்ன விஷயம்போலத் தெரியலாம். பொதுப் பாதுகாப்பா, தனியுரிமையா என்று மேடை போட்டு நடக்கும் விவாதங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ மற்ற பாதுகாப்புகள் எல்லாம் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகின்றன என்று தோன்றுகிறது.

ஒரு வீட்டில் போலீஸ் சோதனை நடப்பதை நினைத்துப் பாருங்கள். கதவைத் தட்டுகிறார்கள். உத்தரவைக் காட்டுகிறார்கள். அலமாரியைக் கலைக்கிறார்கள், மெத்தையைப் புரட்டுகிறார்கள், குழந்தையின் பள்ளிப் பையைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து மகஜர் எழுதுகிறார்: பழுப்பு நிற டைரி ஒன்று, கைபேசி இரண்டு, வங்கிப் புத்தகம் ஒன்று. சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு நகல் வீட்டுக்காரர் கைக்கு வருகிறது. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் அவர் மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போகிறார். டைரியை ஏன் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்க அவரிடம் ஒரு பிடி இருக்கிறது.

ஒட்டுக்கேட்பில் அந்தக் காகிதம் கிடையாது. போனில் கரகரவென்று சத்தம் வந்தால் யாரோ கேட்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு. பேட்டரி சீக்கிரம் இறங்கினாலும் சந்தேகப்படுகிறார்கள். பாவம். சட்டப்படி நடக்கும் ஒட்டுக்கேட்பு பெரும்பாலும் கைபேசியைத் தொடுவதே இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கருவியில் எண்ணை ஏற்றிவிட்டால் போதும். பேச்சு போக வேண்டிய இடத்துக்குப் போகும்போதே அதன் பிரதி ஒன்று இன்னொரு பக்கம் போய்விடும். ஒரு சத்தமும் வராது. ஆறு மாதம் கேட்டுவிட்டு ஒன்றும் தேறவில்லை என்று ஃபைலை மூடினாலும், அந்த ஆறு மாதத்தில் அவர் டாக்டரிடம் பேசியது, அம்மாவிடம் அழுதது, நண்பரிடம் கடன் கேட்டது எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது அவருக்குச் சாகும்வரை தெரியாது.

நான் ஏதோ புதிதாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் நியூயார்க் மாநிலத்தின் ஒட்டுக்கேட்புச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தபோது, சாதாரணச் சோதனை உத்தரவில் இருக்கும் முன்னறிவிப்பு இதில் இல்லை, அதை ஈடுகட்டவும் வழியில்லை என்பதை ஒரு குறையாக எடுத்துச் சொன்னது. மறு வருடமே வந்த கூட்டாட்சிச் சட்டம், ஒட்டுக்கேட்பு முடிந்த 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தகுந்த காரணம் காட்டினால் நீதிபதி தள்ளிப்போடலாம். அந்த அறிவிப்புக்குச் சட்டம் வைத்த பெயர் ‘இன்வென்டரி’. நம் பாஷையில் மகஜர்தான். குற்ற விசாரணைகளுக்கான ஒட்டுக்கேட்பில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த விதி அங்கே இருக்கிறது. அதனால் புலனாய்வு நின்றுபோய்விடவில்லை.

கடத்தல்காரன் கதையோடு ஆரம்பித்தேன் அல்லவா, அது கனடாவில் உண்மையாகவே நடந்த வழக்கு. ‘என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள்’ என்று ஒரு பெண்ணுக்கு அவளுடைய தந்தையிடமிருந்தே அழைப்புகள் வந்தன. போலீஸ் நீதிபதியிடம் போய் நிற்க நேரமில்லாமல், அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்திக் கேட்க ஆரம்பித்தது. கிட்டத்தட்ட ஒரு நாள் கழித்துத்தான் நீதிமன்ற அனுமதி வந்தது. இந்த அவசர அதிகாரம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2012இல் தீர்ப்பு வந்தது. உயிர் போகும் அவசரத்தில் அனுமதியில்லாமல் கேட்கலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றது. ஏனென்றால், கேட்ட பிறகு கேட்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. 2013இல் அறிவிப்பு விதியைச் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாப்பா உரிமையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தால் தேவலை.

‘நீதிபதி கையெழுத்துப் போடுகிறாரே, அது போதாதா’ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஏன் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒட்டுக்கேட்பு உத்தரவுகளுக்கென்றே ஒரு நீதிபதி உண்டு. 2010இல் இரண்டு பத்திரிகையாளர்களின் கைபேசி எண்களைக் கேட்க அவரிடம் விண்ணப்பம் போனது. விண்ணப்பத்தில் அவர்கள் பெயர் இல்லை. கற்பனைப் பெயர்களைப் போட்டு, ஒரு குற்றக் கும்பலை விசாரிப்பதாக எழுதியிருந்தார்கள். நீதிபதி கையெழுத்துப் போட்டார். அவர்மேல் என்ன தப்பு? மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் போலீஸ், நடுவில் ஒரு காகிதம். ‘ஐயா, அந்த எண் அந்த ஆளுடையது இல்லை, என்னுடையது’ என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அந்த அறையில் இல்லை. இருக்கவும் முடியாது. அப்படியென்றால் அந்த மனிதருக்குப் பின்னாலாவது பேச ஒரு வாய்ப்பு வேண்டும். அது இல்லாதவரை நீதிபதியிடம் பொய் சொல்கிறவர் மாட்டிக்கொள்ள வழியே இல்லை. எண் யாருடையது என்று அவருக்கும் தெரியும், அதைச் சொல்லப் போகிறவர் யாரும் வரமாட்டார் என்றும் தெரியும்.

அதே நாட்டில் சாம் சோல் என்ற புலனாய்வுப் பத்திரிகையாளருக்கு 2008இலேயே தன் போன் கேட்கப்படுகிறது என்று சந்தேகம். உளவுத்துறையை மேற்பார்வையிடும் அதிகாரியிடம் முறையிட்டார். தவறு எதுவும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதைச் சொல்லவில்லை. 2015இல் வேறொரு வழக்கில் தாக்கலான பிரமாணப் பத்திரத்தோடு சில பக்கங்கள் இணைக்கப்பட்டிருந்தன. அரசு வழக்கறிஞர் ஒருவரோடு அவர் போனில் பேசியது, எழுத்தாக. ஏழு வருடம் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு கட்டின் நடுவில் தன் பேச்சையே அவர் படிக்க வேண்டியிருந்தது. அவர் பணியாற்றிய ‘அமாபுங்கானே’ என்ற புலனாய்வுப் பத்திரிகை அமைப்பும் அவரும் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் கண்காணிப்புச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்றது. உத்தரவு காலாவதியான 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆபத்து இருந்தால் நீதிபதியின் அனுமதியோடு தள்ளிப்போடலாம் என்று இடைக்கால விதியையும் நீதிமன்றமே எழுதிக் கொடுத்தது. சாம் சோலுக்கு அந்தக் காகிதக் கட்டு கண்ணில் பட்டது வெறும் அதிர்ஷ்டம். அது கண்ணில் படாமலே போனவர்கள் எத்தனை பேரோ.

கிரீஸில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அங்கே தகவல் தொடர்பின் ரகசியத்தைக் காக்க ஒரு சுயேச்சையான ஆணையம் உண்டு. தனாசிஸ் குகாகிஸ் என்ற நிதித்துறைப் பத்திரிகையாளர், தன் போன் கேட்கப்படுகிறதா என்று 2020 ஆகஸ்டில் அதனிடம் விண்ணப்பித்தார். உளவுத்துறை உண்மையிலேயே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் விண்ணப்பித்த அன்றே அந்தக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது. சரி, பதில் வர வேண்டுமே? 2021 மார்ச் இறுதியில் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: தேசியப் பாதுகாப்பின் பெயரால் கேட்கப்பட்டவர்களுக்கு ஆணையம் இனி தகவல் சொல்லக் கூடாது. அப்புறம்தான் குகாகிஸுக்குப் பதில் வந்தது, சட்டமீறல் எதுவும் இல்லை என்று. அடுத்த வருடம் ஓர் எதிர்க்கட்சித் தலைவரின் போனையும் உளவுத்துறை கேட்டிருந்தது வெளியே வந்தபோது, உளவுத்துறைத் தலைவரும் பிரதமர் அலுவலகத்தின் பொதுச் செயலாளரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். அந்தத் திருத்தம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று கிரீஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. இடையில் 2022 கடைசியில் வந்த புதிய சட்டம், மூன்று வருடம் கழித்து, ஒரு குழு ஒப்புக்கொண்டால் சொல்லலாம் என்கிறது. ஒரு தனிமனிதர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகச் சட்டத்தையே மாற்ற முடிகிறது. அந்த மாற்றத்துக்கும் உங்களைப் போன்றவர்கள்தான் கை தூக்கினார்கள்.

சொல்லாமல் விட்டால் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 2013 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும் சில வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தொடுத்த வழக்கு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடியானது. வெளிநாட்டுத் தொடர்புகளைக் கண்காணிக்கும் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. நீங்கள் கண்காணிக்கப்பட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. ஆதாரம் அரசின் பெட்டிக்குள் இருக்கிறது, அரசு பெட்டியைத் திறக்காது. போனில் பேசப் பயந்து, செலவு செய்து விமானம் ஏறி, பேச வேண்டியவர்களை நேரில் பார்க்கப் போனோம் என்றார்கள். அது நீங்களே வரவழைத்துக்கொண்ட செலவு என்று பதில் வந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க உளவு அமைப்புக்கு ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட, அரசின் கண்காணிப்பைக் காட்டும் ஆவணங்கள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்தன.

ஒட்டுமொத்தமாக வலை வீசுவதைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை, அது தனி வழக்கு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிறகு தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், ஒரு உத்தரவில் கோடிப் பேரின் அழைப்பு விவரங்களை அள்ளுவதற்கு முன் எந்த அரசும் கொஞ்சம் யோசிக்கும். கோடிக் கடிதம் எழுத வேண்டுமே. கடிதம் எழுத ஆள் போதாது என்கிறவர்களிடம், கேட்பதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் தரப்பு ஆட்சேபங்களில் கனமானது ஒன்றுண்டு. சொன்னால் எதிரி உஷாராகிவிடுவான், நம் வழிமுறை வெளியே தெரிந்துவிடும். நியாயம்தான். இதற்கு ஜெர்மனி ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே 1968இல் வந்த சட்டம் முதலில் யாருக்கும் எப்போதும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆபத்தில்லாமல் சொல்ல முடிகிற இடத்திலும் சொல்லாமல் விடுவது செல்லாது என்று 1970இல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் திருத்தியது. இன்றைய விதிப்படி, சொன்னால் நோக்கம் கெடும் என்கிறவரை காத்திருக்கலாம். 12 மாதம் தாண்டினால் உளவுத்துறை தன் இஷ்டத்துக்குத் தள்ளிப்போட முடியாது, வெளியே இருக்கும் ஓர் ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் கழித்தும் சொல்ல முடியாது, இனியும் முடியாது என்று அந்த ஆணையம் ஒருமனதாக முடிவு செய்தால்தான் சொல்லாமலே விடலாம். எதிரி நாட்டு உளவாளிக்கு யாரும் கடிதம் போடச் சொல்லவில்லை. பெயர் ஒற்றுமையால் மாட்டிய கணக்காளருக்குப் போடலாமே என்கிறார்கள்.

இந்தியாவில் 1996இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சும் அந்தரங்கத்தில் சேர்ந்தது என்று சொல்லி நெறிமுறைகள் வகுத்தது. உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, செயலாளர்கள் கொண்ட குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் கேட்க விரும்புவது அரசு, அனுமதிப்பது அரசு, சரிபார்ப்பதும் அரசு. கேட்கப்பட்டவர் இந்த வட்டத்துக்குள் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. பிரிட்டனில் வேறு மாதிரி. ஆதாரம் இல்லாமலே சந்தேகத்தின் பேரில் முறையிட ஒரு தீர்ப்பாயம் 2000இலிருந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உளவு அமைப்புகளுக்கு எதிராக அது முதல்முறை தீர்ப்புச் சொல்லப் பதினைந்து வருடம் ஆனது, 2015இல். அதுவும் ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்த பிறகு.

இப்போது கைபேசியும் செயலியும் தரும் நிறுவனங்கள் உங்களை முந்திக்கொண்டுவிட்டன. பெகாசஸ் உளவு மென்பொருளுக்கு இலக்கான சுமார் 1,400 பேருக்கு 2019இல் வாட்ஸ்அப் நிறுவனம் தகவல் அனுப்பியது. 2021இலிருந்து ஆப்பிளும் இப்படி எச்சரிக்கை அனுப்புகிறது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்களுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. லாபத்துக்குத் தொழில் செய்கிறவர்கள் ‘உங்களை யாரோ வேவு பார்க்கிறார்கள், கவனம்’ என்று சொல்கிறார்கள். வரி வாங்குகிற அரசு வாயைத் திறப்பதில்லை.

‘மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்’ என்பது உங்கள் தரப்பில் அடிக்கடி வரும் பழமொழி. தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்கிற அர்த்தத்தில் சொல்கிறீர்கள். பழமொழியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மடியில் கனத்தோடு நடக்கிறவன் திருடன் இல்லை. முடிச்சில் தன் காசை வைத்துக்கொண்டு போகிறவன். வழிப்பறிக்காரனை நினைத்துத்தான் அவனுக்குப் பயம். எல்லார் மடியிலும் அப்படி ஒரு கனம் உண்டு: நோய், காதல், கடன், குடும்பச் சண்டை. அதைக் குற்றமாக்கியது நீங்கள்தான், பழமொழி இல்லை.

கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை மனிதர்களின் வாடையைக்கூடச் சேமித்து வைத்திருந்தது. விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு துணியை விரித்திருப்பார்கள். அவர் எழுந்து போனதும் அதை எடுத்து, ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, மூடி, பெயர் ஒட்டிவிடுவார்கள். தேவைப்படும்போது மோப்ப நாய்க்குக் காட்ட. அந்தக் குடுவைகளில் சில இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர் நீளும் என்று கணக்கிடப்பட்ட கோப்புகள் அந்தத் துறையிடம் இருந்தன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மக்கள் படிக்க முடிந்தது 1992 ஜனவரியிலிருந்து. சொந்தக் கணவரே தகவல் கொடுத்திருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்ட பெண்ணும் உண்டு. படித்த பிறகு வாழ்க்கை சுலபமாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டார்கள், லட்சக்கணக்கில். அவர்களுக்கு அந்த உரிமை கிடைக்க அந்த நாடே இல்லாமல் போக வேண்டியிருந்தது. உங்கள் நாடு இருக்கும்போதே கொடுத்துவிடலாம்.

செய்வதில் சில சிக்கல்கள் உண்டு, மறைக்கவில்லை. கடிதம் வீட்டுக்கு வந்து வேறு யாராவது பிரித்துவிட்டால், அரசு செய்ததை விடப் பெரிய வினை கடிதமே செய்துவிடும். அதனால் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். மறுமுனையில் பேசியவர்கள் கதி என்ன என்பது இன்னும் கஷ்டமான கேள்வி. அமெரிக்கச் சட்டம் அதை நீதிபதியின் முடிவுக்கு விடுகிறது. எனக்கு அது அரைகுறையாகத்தான் படுகிறது, ஆனால் அதைவிட நல்ல வழி இப்போதைக்குத் தோன்றவில்லை. நீங்கள் யோசியுங்கள்.

கடிதத்தில் வழிமுறை எதுவும் வேண்டாம். வாசகம் இவ்வளவு இருந்தால் போதும். உங்கள் வரைவாளரின் நேரத்தை மிச்சப்படுத்த நானே எழுதித் தருகிறேன்:

“உங்கள் பெயரிலுள்ள இன்ன எண்ணில் நடந்த உரையாடல்கள், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன சட்டப்பிரிவின் கீழ் அரசால் கேட்கப்பட்டன. உத்தரவிட்டவர் இன்ன பதவியிலுள்ளவர். உங்கள்மேல் வழக்கு எதுவும் பதியப்படவில்லை. பதிவுகள் இன்ன தேதியில் அழிக்கப்பட்டன. விண்ணப்பத்தில் உங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட காரணத்தின் நகல் இத்துடன் உள்ளது. அது தவறு என்று நீங்கள் கருதினால் இன்ன தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை.”

கீழே தேதி, முத்திரை, ஓர் அதிகாரியின் கையெழுத்து. அரைப் பக்கம்கூட வராது.

இப்படிக்கு,
தன் பெயருக்கும் அப்படி ஒரு கடிதம் பாக்கி இருக்கிறதா என்று தெரியாத ஒரு வாக்காளர்